நிழலை வைத்து அளந்த மரம்

பக்கிரிசாமி படுத்திருக்கும் கட்டிலிலிருந்து பார்த்தால் மரத்தின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். உச்சியை ஜன்னலின் மேல்கட்டையும் அடியைக் கீழ்க்கட்டையும் மறைத்துவிடும். பட்டை உரிந்து வெள்ளையும் சாம்பலுமாக நிற்கும் தைலமரம். காற்றடித்தால் ஜன்னலுக்குள் இடமும் வலமும் போய்வரும். மூன்று வருஷமாக அவர் கண்ணெதிரே அசைகிற பெரிய பொருள் அதுதான்.

அதற்கு முன் அவர் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர். முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடித்தபடி மலைச்சரிவில் ஏறி இறங்குகிற வேலை. ஒருநாள் மழை விட்ட காலையில் கால் வழுக்கியது. நிறைந்த டாங்கி அவரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய் சிமெண்டுக் கால்வாயின் விளிம்பில் போட்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் முதுகெலும்பைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டு, இடுப்புக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று சொன்னார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

மனைவி வசுமதி கொழுந்து வெட்டும் மெஷினில் வேலை செய்வதால் தோட்டத்து வீடு அவர்களிடமே இருந்தது. மகள் யுவனேஸ்வரிக்குப் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. வீடு, ஐந்து வீடுகள் ஒரே கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் லைனில் நான்காவது. முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையலறை, அதை ஒட்டி ஒரு சிறிய அறை. குளியலறையும் தண்ணீரும் பின்பக்கம் இருப்பதால் கட்டிலைப் பின்னறையில் போட்டார்கள். பின்னறை ஜன்னலை உரசிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சிமெண்டுப் படிகள் மேலே ஏறும். மலைக்கு வேலைக்குப் போகிற சனம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும்.

"என்ன என்ஜினியரே, எழுந்தாச்சா?"

"எழுந்தாச்சுன்னா நான் ஏன்டா இங்க படுத்திருக்கேன்?"

காலையில் இப்படி ஒரு பேச்சு, பொழுது சாய இறங்கும்போது இன்னொரு பேச்சு. யாருக்கு நேற்று யாரோடு சண்டை, திரிங்காப் ரோட்டில் எந்த லோரி கவிழ்ந்தது, புதுத் துரை எப்படி ஏசுகிறார் என்று எல்லாமே ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கிரிசாமி உயிரோடு இருப்பது அந்த ஜன்னலால்தான் என்று வசுமதி மாரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மாரியம்மா ஐந்தாவது வீட்டுக்காரி. புருஷன் இல்லை. பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கு வடை சுட்டுக் கொண்டுபோய் விற்பவள்.

என்ஜினியர் என்ற பெயர் சும்மா வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கிரிசாமிக்கு எந்தப் பாடமும் மண்டையில் ஏறவில்லை, ஒன்றைத் தவிர. செங்கோண முக்கோணம். இரண்டு பக்கம் தெரிந்தால் மூன்றாவது பக்கம் எங்கேயும் ஓடி ஒளிய முடியாது என்பது பதினான்கு வயதுப் பையனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மற்ற பாடங்கள் கைவிட்டதால் படிப்பு நின்றது; அந்த ஒன்று மட்டும் கூடவே தோட்டத்துக்கு வந்தது. கோவில் திடலில் வாலிபால் கோர்ட் போட்டபோது கயிற்றில் முடிச்சுப் போட்டு மூன்று, நான்கு, ஐந்து என்று இழுத்துப் பிடித்து நான்கு மூலையையும் செங்கோணமாக்கியவர் அவர். தமிழ்ப்பள்ளிக் கொடிக்கம்பத்தின் கயிறு அறுந்தபோது, கம்பத்தில் ஏறாமலே அதன் நிழலை அளந்து, இத்தனை அடிக் கயிறு வாங்குங்கள் என்று சொன்னார். வாங்கி வந்த கயிறு போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து என்ஜினியர். பாதி கேலி, பாதி மரியாதை. எப்போது எது என்று கூப்பிடுகிறவனின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

தைலமரத்தின் விஷயம் போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. மலைக்கு அந்தப் பக்கம் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் கெபுன்காரர் லோரி ஏறுவதற்குப் பாதை வெட்டினார். எக்ஸ்கவேட்டர் மரத்தின் வலப்பக்கத்து மண்ணை வழித்துக்கொண்டு போனது. வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. மரம் விழவில்லை. ஆனால் படியில் ஏறுகிறவர்கள் அதன் அடியைத் தாண்டும்போது நடையைக் கூட்டினார்கள். ஒரு மழையில் கீழ் லைனில் வேறொரு சின்ன மரம் குளியலறைக் கூரைமேல் விழுந்ததும் எல்லோருக்கும் இந்த மரத்தின் ஞாபகம் வந்தது.

கிராணி லோகேஸ்வரன் வந்தான். ஆபீஸ் வேலை பார்க்கிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டே காரியத்தை முடித்துக்கொள்கிறவன்.

"அண்ணே, மேல் லைன்ல ஒரு வீடு காலி. உங்க நிலைமையைச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன். ஒரு வாரத்துல பதில் சொல்லிருங்க. இல்லன்னா வேற ஆளு கேக்குது."

வசுமதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போயிரலாங்க."

பக்கிரிசாமி ஜன்னலைப் பார்த்தார். மேல் லைன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பாதையிலிருந்து செங்குத்தாக ஏறும் படிகளுக்கு மேலே, ஒரு மூலையில். சக்கர நாற்காலி ஏறாது. யாராவது நான்கு பேர் தூக்கினால் மேலே போகலாம். அதன் பிறகு இறங்குவது பிணமாகத்தான். மலைக்குப் போகிறவர்கள் யாரும் அந்த வழியாகப் போவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடி மட்டும் இருக்கும்.

"மரம் இங்க எட்டுமான்னு முதல்ல பாப்போம்," என்றார்.

"எட்டுமான்னு எப்படிப் பாக்கறது? விழுந்து பாக்கறதா?"

"அளந்து பாக்கறது."

இதைச் சொல்லும்போதே அவருக்கு எந்த விடை வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. அவருக்கே அது தெரிந்திருந்ததா என்றால், தெரியாது.

அளப்பதற்கு வெயில் வேண்டும். மலையில் மதியத்துக்கு மேல் பனியும் மழையும்தான். காலை வெயிலை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார். சூரியன் வீட்டுக்கு முன்பக்கம் எழும். மரம் வீட்டுக்குப் பின்னால், சரிவின் மேலே. ஆகவே மரத்தின் நிழல் இன்னும் மேலே, மலைமேல் ஏறி விழும். முறை சுலபம். காலையில் ஒரு நேரம் வரும், அப்போது நிமிர்ந்து நிற்கிற எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமமாக இருக்கும். அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் போதும். மரத்தில் ஏறத் தேவையில்லை. நிழலை அளந்தால் அதுவே மரம்.

யுவனேஸ்வரி சமையலறைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் ஒரு குச்சியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிழல் படும் இடத்தில் குச்சியின் நீளத்துக்குச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. நிழல் சுருங்கிச் சுருங்கி அந்தக் கோட்டைத் தொடும்போது அவள் கத்த வேண்டும். அம்மா மேலே, மரத்தின் நிழல் முடியும் இடத்தில் ஒரு முளையை அடிக்க வேண்டும். பக்கிரிசாமி கட்டிலில் தலையணையை உயர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாக உத்தரவு போட்டார்.

"குச்சி சாயுது பாரு! நேராப் பிடி!"

"நேராத்தான்ப்பா பிடிச்சிருக்கேன். நீங்க படுத்துக்கிட்டு பாக்கறீங்க, உங்களுக்குச் சாயத்தான் செய்யும்."

"வாயைப் பாரு."

"தொட்டுருச்சு! தொட்டுருச்சு! மா, இப்ப!"

மேலே வசுமதி முளையை அடித்தாள். பிறகு கயிற்றைப் பிடித்து மரத்தின் அடியிலிருந்து முளைவரை தரையோடு தரையாகப் போட்டு அளந்தாள். அறுபத்தாறு அடி. அதேபோல மரத்தின் அடியிலிருந்து கீழே சமையலறைச் சுவர்வரை அளந்தாள். எழுபத்தாறு.

"பத்தடி மிச்சம்," என்றார் பக்கிரிசாமி. "மரம் அப்படியே நம்ம பக்கம் சாய்ஞ்சாலும் சுவத்தைத் தொடாது. எட்டாது."

வெளியே நின்றுகொண்டிருந்த மாரியம்மா கைதட்டினாள். "அண்ணன்னா அண்ணன்தான்! நான் தினமும் அடுப்புக்கு முன்னால நின்னுக்கிட்டு இதுக்கே பயந்து செத்துக்கிட்டிருந்தேன்லா."

வசுமதி இரண்டு முறை கேட்டாள். நிச்சயமா? நிச்சயம். கொடிக்கம்பத்தை அளந்த மாதிரிதானே? அதே மாதிரிதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, மேலே கிடந்த கயிற்றை எடுக்கப் படியேறினாள். லோகேஸ்வரன் வந்து கேட்டுவிட்டு, "என்ஜினியர் சொன்னா சரிலா," என்று சிரித்துக்கொண்டு போனான். போய் ஆபீசில் அப்படியே சொன்னான். லைன் ஆட்களே அளந்து பார்த்துவிட்டார்கள், மரம் எட்டாது என்று மேனேஜர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

காலி வீடு மாரியம்மாவின் மகன் தனேசுக்குக் கிடைத்தது. அப்போதுதான் கல்யாணம் ஆனவன். மனைவி பூவிழியைக் கூட்டிக்கொண்டு மேல் லைனுக்குக் குடிபோனான். மாரியம்மா ஒரு தட்டு நிறைய வடையோடு வந்து, "அண்ணன் கணக்காலதான் என் புள்ளைக்கு வீடு," என்றாள். பக்கிரிசாமி இரண்டு வடை அதிகமாகவே சாப்பிட்டார்.

விஷயம் யுவனேஸ்வரியின் கைப்பேசியிலிருந்து வெளியே வந்தது. அளந்த அன்று அவள் வேலைக்குக் கிளம்பி மோட்டாரில் போகும்போது, ஃபேக்டரி ரோட்டு வளைவில் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் லைன், சரிவு, மரம், எல்லாம் பக்கவாட்டில் தெரியும். அம்மா அப்போது மேலே முளைக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சில வாரம் கழித்து ஒரு மாலை, படம் நன்றாக வந்திருக்கிறது என்று அப்பாவிடம் காட்டினாள்.

"அம்மா எவ்ளோ குட்டியாத் தெரியிறாங்க பாருங்க."

பக்கிரிசாமி பார்த்தார். சிரிக்கத் தொடங்கிய வாய் பாதியில் நின்றது.

மூன்று வருஷமாக அவர் மரத்தைப் பக்கவாட்டில் பார்த்ததில்லை. படத்தில் வசுமதி நிற்கும் இடம், அதாவது நிழல் முடிந்த இடம், மரத்தின் அடிக்கு நேராக இல்லை. அவள் பாதம் தண்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நேராக இருந்தது. அவளுடைய காலடியிலிருந்து மரத்துக்குக் குறுக்கே ஒரு நேர்கோடு போட்டால் அது தண்டின் இடுப்பில் போய் இடிக்கும். அதற்குக் கீழே இருக்கிற தண்டு? அதை யார் அளந்தார்கள்?

யாரும் அளக்கவில்லை.

தோட்டத்தில் நிலத்தை அளப்பதென்றால் சரிவின் மேலேயே கயிற்றைப் போட்டுத்தான் அளப்பார்கள். செடி நடுவதற்கும் மருந்தடிப்பதற்கும் அந்த அளவுதான் கணக்கு. சரிவிலேயே பிறந்து சரிவிலேயே வேலை செய்கிறவர்களுக்குச் சரிவுதான் தரை. பக்கிரிசாமியும் அப்படித்தான் அளக்கச் சொன்னார். குச்சி சமதளமான சிமெண்டில் நின்றது. அதற்கும் அதன் நிழலுக்கும் நடுவில் செங்கோணம் இருந்தது. கொடிக்கம்பத்துக்கும் பள்ளித் திடலில் அது இருந்தது. மலைமேல் நிற்கிற மரத்துக்கு அது இல்லை. மரம் நிமிர்ந்து நிற்கிறது, தரை அதை நோக்கிச் சாய்ந்து ஏறுகிறது. வெயில், தரையைத் தேடி முழுத்தூரம் போகுமுன்பே மலை எழுந்து வந்து நிழலைப் பிடித்துக்கொண்டது. நிழல் குட்டையானது. அவர் மரத்தைக் குட்டையாக்கிவிட்டார்.

"யுவா, படி ஏறிப் போயி ஒரு வேலை செய்."

"இருட்டப் போவுதுப்பா."

"மரத்துக்கு நேரா இருக்கற படியிலேருந்து முளைக்கு நேரா இருக்கற படிவரைக்கும் எத்தனை படின்னு மட்டும் எண்ணிட்டு வா."

அந்தப் படிகளைப் போட்டபோது கலவை குழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொன்றும் அரையடி உயரம். யுவனேஸ்வரி போய்வந்து அறுபது என்றாள். முப்பதடி. மரத்தின் அடியைவிட நிழலின் நுனி முப்பதடி மேலே இருந்தது.

மீதியை அவர் மனதில் போட்டார். கயிறு காட்டிய அறுபத்தாறு சாய்ந்த பக்கம். நிமிர்ந்த பக்கம் முப்பது. சமதளப் பக்கம் ஐம்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்து வெயிலில் சமதளப் பக்கம் எவ்வளவோ, நிழலின் நுனி மட்டத்துக்கு மேலே மரம் அவ்வளவு. நுனிக்குக் கீழே இன்னொரு முப்பது. இரண்டையும் கூட்டினால் எண்பத்தொன்பது.

சுவர் எழுபத்தாறில் இருக்கிறது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எங்காவது தப்பு இருக்கும் என்று இந்த முறை ஆசையோடு தேடினார். விடை நகரவில்லை. மரம் இந்தப் பக்கம் சாய்ந்தால் சுவரைத் தாண்டி, சமையலறையையும் பின்னறையையும் கடந்து கூடத்துக்குள் நுழையும் நிலைவாசலில் வந்து நிற்கும். லைனின் எந்த வீட்டுப் பக்கம் சாய்ந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான்.

வசுமதி வேலை முடிந்து வந்து, கைகழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். துண்டை உதறிப் போட்டாள்.

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

"தப்பு."

"நிச்சயமான்னு ரெண்டு தடவ கேட்டேன்."

"கேட்ட."

"வீடு போச்சு."

"தெரியும் வசு."

அவள் அழவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு அதை அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பற்றவைத்தாள். சோறு ஆக்கத்தானே வேண்டும்.

மறுநாளிலிருந்து பக்கிரிசாமி ஜன்னலில் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தார். எட்டும். மரம் எட்டும். நான் தப்பாப் போட்டுட்டேன். சரிவைக் கழிக்காம விட்டுட்டேன். நின்று கேட்டார்கள். தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கும் சரிவு என்ன தப்பு செய்தது என்று புரியவில்லை. கயிறு போட்டு அளந்தது அளந்ததுதானே?

லோகேஸ்வரன் வந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு எட்டாதுன்னீங்க. நான் போயி மேனேஜர்கிட்ட அதையே சொன்னேன். இன்னைக்கு எட்டும்ங்கறீங்க. நாளைக்கு?"

"நாளைக்கும் எட்டும்தான்யா."

"மரம் நம்ம எல்லையிலயும் இல்லண்ணே. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம். நாம கை வச்சா கேஸ் போடுவான்."

"கெபுன்காரர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். அவரு பாதைக்குத்தான் அனுமதி வாங்கினாராம், மரத்துக்கு இல்லயாம். நில ஆபீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்றாரு. எழுதிக் குடுத்திருக்கேன்லா. வரும்."

"எப்ப வரும்?"

லோகேஸ்வரன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

வசுமதி பிரிஞ்சாங்கிலிருந்து மரம் வெட்டுகிற ஒருவனை அழைத்துவந்தாள். அவன் அடிவேரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, ஏறமாட்டேன் என்றான். ஒரு பக்கம் வேர் போயிருக்கிறது, நான் ஏறினால் நானும் மரமும் சேர்ந்துதான் வருவோம், கிரேன் வந்தால்தான் முடியும் என்றான். கிரேன் ஏறிவரப் பாதை இல்லை. இருக்கிற ஒரே பாதை கெபுன்காரர் வெட்டியது. அந்தப் பாதையால்தான் மரம் இந்த நிலைக்கு வந்தது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. லோகேஸ்வரன் சொன்னதிலும் இல்லை. எல்லோரும் உண்மையே சொன்னார்கள், மரம் அப்படியே நின்றது.

மாரியம்மாவிடம் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது.

"மாரியம்மா, அடுப்பைக் கூடத்துக்கு மாத்திக்க. மழை பெய்யறப்ப பின்னால நிக்காத."

"கூடத்துல எண்ணெய்ச் சட்டியை வச்சா வீடெல்லாம் கரியாப் போயிரும்ண்ணே."

"கரியாப் போனாப் போவுது."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. லைன்ல பேசிக்கிறாங்க. தனேஸ் போன வீட்டைத் திரும்பக் கேக்கறதுக்குத்தான் நீங்க மரத்தை வளத்துக்கிட்டிருக்கீங்கன்னு."

பக்கிரிசாமி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "யார் சொன்னா?"

"யாரோ. நான் நம்பல." சொல்லிவிட்டு அவள் கண்களை வேறு பக்கம் திருப்பினாள். "பூவிழி மாசமா இருக்குண்ணே. இப்ப போயி வீட்டைக் குடுன்னு யாராச்சும் கேட்டா..."

"நான் கேக்கலம்மா. வீட்டைக் கேக்கல. அடுப்பை மாத்துன்னுதான் கேக்கறேன்."

"மாத்தறேன், மாத்தறேன்," என்றாள். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல்.

படத்தைக் காட்டினால் புரியும் என்று நினைத்தார். யுவனேஸ்வரி கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மாரியம்மா படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்து, "உங்கம்மா இளைச்சுப் போயிட்டா," என்றாள்.

வசுமதியும் மகளும் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார்கள். நிலைவாசலில் சிக்கியதால் கட்டிலின் கால்களைக் கழற்றி, மறுபடியும் மாட்ட வேண்டியிருந்தது. அவரை ஒரு போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். வசுமதி எரிவாயு அடுப்பையும் கூடத்துக்குக் கொண்டுவந்து, சமையல் புகையில் அவர் இருமுவதைப் பார்த்துக்கொண்டே சமைத்தாள். ஜன்னலில் பேச வருகிறவர்கள் வெறும் அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் முன்பக்கம் சுற்றிவந்து இரண்டு நாள் பேசினார்கள். சுற்றுவழி. நின்றுவிட்டது.

வேலை நாட்களில் அவருக்குக் கிடைத்த சத்தம் ஒன்றுதான். மதியத்துக்கு மேல் ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம், பின்கட்டில் மாரியம்மாவின் சட்டியில் வடை விழும் சத்தம். அது கேட்டால் அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள் என்று அர்த்தம். கேட்கும்போதெல்லாம் சுவரைத் தட்டுவார். அவளும் கரண்டியால் பதிலுக்குத் தட்டுவாள். நலமா என்று விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அன்று மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. வசுமதி மலையில், யுவனேஸ்வரி ஹோட்டலில். மழை தகரத்தில் கொட்டியதில் வடைச் சத்தம் கேட்கவில்லை. பக்கிரிசாமி சுவரைத் தட்டினார். பதில் இல்லை. கத்தினார். "மாரியம்மா! முன்னால வா!" மழைக்கு மேலே அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கையில் கிடைத்த தம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தார். ஒரு தரம், இரண்டு தரம். அந்தப் பக்கத்திலிருந்து கரண்டி ஒரு முறை டங்கென்று பதில் சொன்னது.

அதன் பிறகு மேலே மண் பிளக்கும் சத்தம். நீளமான சத்தம். அவர் கணக்குப் போட்ட எதிலும் திசை இருக்கவில்லை; உயரம் மட்டும்தான் இருந்தது. வேர் போயிருந்த பக்கம் மரம் திரும்பி, அவர் வீட்டை விட்டுவிட்டு ஐந்தாவது வீட்டின் மேல் வந்து படுத்தது. கூரை முழுவதும் ஒரு முறை எகிறி உட்கார்ந்தது. அவர் வீட்டுப் பின்னறையில் இரண்டு தகரம் பிய்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

தைல இலையின் வாசனை வீட்டுக்குள் நிறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாரியம்மா கூப்பிட்டாள். "அண்ணே... அண்ணே..."

பக்கிரிசாமி இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி எழுந்தார். இடுப்புவரை வந்தார். அதற்குமேல் உடம்பு அவருடையதாக இல்லை. "இதோ, இதோ," என்று சொன்னார். அவள் கூப்பிடக் கூப்பிட அவரும் இதோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து லைன் ஆட்கள் பாராங் கத்தியோடு ஓடிவந்து கிளைகளை வெட்டி அவளை இழுக்கும்வரை அது நடந்தது.

மாரியம்மாவின் வலது தோளும் கையும் முறிந்திருந்தன. எண்ணெய் கொட்டியதில் முழங்காலுக்குக் கீழே வெந்திருந்தது. மரத்தின் உச்சிக்கிளை அவள் வீட்டுக் கூடத்துக்குள் நுழையும் நிலைவாசலில் கிடந்தது என்று யாரோ வந்து சொன்னார்கள். "என்ஜினியர் சொன்ன இடத்துலயே வந்து நிக்குதுலா," என்றான் அவன், பாராட்டுகிற மாதிரி. பக்கிரிசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மாரியம்மா மகனோடு மேல் லைனில் இருந்தாள். ஒருநாள் உடைந்த வீட்டிலிருந்து மீதிப் பாத்திரங்களை எடுத்துப்போக இறங்கி வந்தாள். கை கழுத்தில் தொங்கியது. கொஞ்சம் நொண்டினாள். முன்வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே."

"வாம்மா." அவருக்கு அவள் கையைப் பார்க்க முடியவில்லை. "நான் முதல்ல எட்டாதுன்னு சொன்னதாலதான..."

"அத விடுங்க." வாசல்படியில் உட்கார்ந்தாள். "மேல் லைனுக்குப் பின்னால இன்னொரு தைலமரம் நிக்குதுண்ணே. இதே மாதிரி வேர் தெரியுது. தனேஸ் வீட்டுக்கு நேரா. பூவிழி வேற மாசமா இருக்கு. எட்டுமா?"

பக்கிரிசாமி எழுந்து உட்கார முயன்றார். "மரத்துக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"தெரியல."

"சரிவு எப்படி? ரொம்பச் செங்குத்தா?"

"மலை மாதிரி இருக்குண்ணே."

"நிழல் எங்க விழுது?"

"எங்க வெயில் வருது? மழைக்காலம் ஆரம்பிச்சாச்சு."

அங்கே போய் அளக்க அவருக்குக் காலில்லை. அளக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஒரு பக்கமாவது தெரிந்தால் எதையாவது தொடங்கலாம். ஒன்றும் தெரியாது.

"எட்டும்னே வச்சுக்க மாரியம்மா."

"வச்சுக்கிட்டு எங்கண்ணே போறது?"

அவள் வாசல்படியிலிருந்து எழுந்தாள். பிறகு நல்ல கையால் எண்ணெய்ச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மேல் லைனுக்குப் போகும் படிகளில் ஏறத் தொடங்கினாள்.